வலது காது கறுத்தது, இடது காது கொழுத்தது

செஞ்சிக் கடைத்தெருவில் வளையல் விற்ற கமருன்னிசா அக்காவுக்கு இரண்டு காதுச் சோணையும் அறுந்திருந்தன. வலது காதை ஆடு அறுத்தது. இடது காதை அவளே அறுத்துக்கொண்டாள்.

ஆடு அறுத்தது வல்லத்தில். ஒரு வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துக் குனிந்து உட்கார்ந்து, ஒரு பெண்ணின் கைக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் கட்டியிருந்த ஆடு, ஆடிக்கொண்டிருந்த சிவப்புக்கல் ஜிமிக்கியை என்ன பழம் என்று நினைத்ததோ, எட்டி வாயில் வாங்கிவிட்டது. பாதி ஏறிய வளையலை விட்டால் உடைந்துவிடும் என்று அக்கா வளையலை விடவில்லை. ஆடு ஜிமிக்கியை விடவில்லை. கடைசியில் காதுதான் விட்டது. "வளையல் ஒண்ணுகூட உடையல, தெரியுமா?" என்று அதைப் பெருமையாகத்தான் சொல்வாள்.

இடது காது ஒன்றரை வருஷம் கழித்துப் போனது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தவள், ஊர் வந்துவிட்டது என்று திடுக்கிட்டு எழுந்தாள். ஜிமிக்கி கம்பியில் மாட்டியிருந்தது. எழுந்தது அவள் ஊரிலும் இல்லை. செஞ்சிக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது.

நான் பக்கத்து வீடு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அக்கா கடைக்கு வந்து இறங்கும் வளையலை நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்து, நூலில் கோத்துக் கொடுப்பேன். அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். நான் கோத்துக்கொண்டே இருப்பேன். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

அவள் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு சண்டை உண்டு. போன வருஷம் வாங்கிய வளையல் கையில் ஏறவில்லை என்று யாராவது கொண்டுவந்து, "வளையல் சுருங்கிப்போச்சு" என்பார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டால் ஆகாது.

"ஏம்மா, கண்ணாடி சுருங்குமா? சீலை சுருங்கும், பாவாடை சுருங்கும், கண்ணாடி சுருங்குமா? கை பெருத்துப்போச்சுன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். என் வளையலைச் சொல்லாத!"

காது அறுந்ததில் வலி ஒரு வாரம்தான். வருத்தம் வேறு. வளைகாப்பு வீடுகளில் அவளைக் கூப்பிடுவது நின்றுபோனது. ஏழாம் மாசத்துப் பெண்ணுக்கு வளையல் அடுக்க வருகிறவள் வெறுங்காதோடு வந்தால் அது நன்றாக இருக்காது என்று சுற்று வட்டாரத்தில் நினைத்தார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. வேறு வளையல்காரியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்காவுக்கு அந்த வீடுகள்தான் உயிர். கடையில் விற்பது வியாபாரம். வளைகாப்பில் நடு வீட்டில் பாய் போட்டு உட்கார்ந்து, எல்லாப் பெண்களும் சுற்றி நின்று பார்க்க, ஒரு கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றுவது அவளுக்கு அரசாட்சி.

ஒரு தடவை சமாளித்துப் பார்த்தாள். காதின் மேல்பக்கமாக ஒரு சங்கிலியை வளைத்துப் போட்டு, அதில் ஜிமிக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனாள். வளையல் எல்லாம் ஏற்றி முடித்து, சாப்பிட உட்கார்ந்து, பாயசத்துக்குக் குனிந்தபோது வலது பக்க ஜிமிக்கி பாயசத்தில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது இடது பக்கத்து ஜிமிக்கியும் விழுந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டார் கடைப்பக்கம் வந்தால்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அறுபத்து நாலாம் வருஷம் பூக்காரி சுந்தராம்பாள்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாள். திண்டிவனத்தில் அரிகிருஷ்ணன் என்று ஒரு டாக்டர், பட்டாளத்திலிருந்து வந்தவர், சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார், அறுந்த காதைத் தைக்கிறார் என்றாள்.

"தெற்கத்திப் பொம்பளைங்க காது தோள் வரைக்கும் தொங்கும் பாரு, அதையே வெட்டித் தச்சு கம்மல் போட வச்சிருக்காராம். உன்னுது அவருக்கு கொசு மாதிரி."

அக்கா வீட்டுக்காரர் பீர் முகமது அண்ணன் கடைத்தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். "தைக்கிறதுன்னா தச்சுக்கோ" என்றார். துணைக்கு நான் போனேன்.

டாக்டர் இரண்டு காதையும் விரலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க பாரும்மா, சோணையில சதை இவ்வளவுதான் மிச்சம் இருக்கு. ஒரு தடவை தைக்கலாம். இது சீழ் வெச்சோ பிரிஞ்சோ கெட்டுப்போச்சுன்னா, மறுபடி தைக்க அங்க ஒண்ணும் இருக்காது. மூணு மாசம் காதுல எதையும் மாட்டக் கூடாது. அப்புறம் புது இடத்துல குத்திக்கலாம்."

"மூணு மாசம் இன்னா டாக்டர், ஆறு வருஷம் சும்மா இருந்தேன்" என்றாள் அக்கா.

மரத்துப்போகிற ஊசி போட்டு இரண்டு காதையும் ஒரே நாளில் தைத்தார்கள். முடிந்ததும் விருத்தாம்பாள் என்ற நர்ஸ், பஞ்சு வைத்துத் தலையைச் சுற்றி அழுத்திக் கட்டினாள். வலதுக்கு ஒரு கட்டு, இடதுக்கு ஒரு கட்டு. கட்டிக்கொண்டே எங்களுக்கு விவரம் சொன்னாள். அவள் சொன்னதை அக்கா கேட்கவில்லை. நர்ஸின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனிங்க. நாளைக்கு, நாளன்னைக்குள்ள காதும் கழுத்தும் கன்னிப்போகும். ஊதாவா, நீலமா. பார்க்கப் பயமா இருக்கும். தோலுக்கடியில கசிஞ்ச ரத்தம் கீழ்ப்பக்கமா இறங்கி வரும். அது ஒண்ணும் இல்ல. தட்டையா இருக்கும், அழுத்தினா மெத்துன்னு இருக்கும், வலி நாளுக்கு நாள் குறையும். நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், அப்புறம் போயிடும்."

"உங்க கைக்கு ரெண்டு நாலு சரியா வரும்" என்றாள் அக்கா.

"என்னது?"

"வளையல் சைஸ். பச்சை போட்டா நல்லா இருக்கும். வெறுங்கையா இருக்கீங்களே."

"நான் வேலை செய்யறப்ப வளையல் போடக் கூடாது. நான் சொல்றத கேளுங்க. கன்னிப்போறது வேற, உள்ளே ரத்தம் கட்டிக்கிறது வேற. கட்டிக்கிட்டா ஒரு பக்கம் மட்டும் உப்பும். தோல் இறுகி மினுமினுன்னு ஆகும். தொட்டா கெட்டியா இருக்கும். விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், வலி ஏறிக்கிட்டே போகும். காலையில இருந்ததைவிட மத்தியானம் பெரிசா இருக்கும். அப்படி ஆச்சுன்னா ஒரு நாள்கூட வீட்டுல இருக்கக் கூடாது. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடணும். தையலுக்குப் போற ரத்தத்தை அது நெரிச்சிடும். அதைவிட முக்கியம், மூணு நாளைக்குக் கட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது. இந்த அழுத்தம்தான் ரத்தம் கட்டாம பார்த்துக்கும்."

"சிவப்பும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

நான் தலையை ஆட்டினேன். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீயாவது கேட்டியேம்மா" என்றாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் செஞ்சிக்குத் திரும்பினோம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற மாதிரி காது பார்க்க வந்தார்கள். சிலர் ஆப்பிள்கூட வாங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் பீர் முகமது அண்ணனின் அக்கா அசீசுன்னிசா. அவள் கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாத்தைப் பார்க்கிறது? துணியையா?" என்றாள்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கட்டை அவிழ்க்கப் போனாள்.

"அக்கா, மூணு நாள்..." என்றேன்.

"ஒரு நிமிஷம்டி. பார்த்துட்டு மறுபடி கட்டிக்கப் போறேன்."

வலது கட்டின் முடிச்சு அவிழவில்லை. நர்ஸ் அதை அவ்வளவு இறுக்கியிருந்தாள். இடது கட்டு அவிழ்ந்துவிட்டது. இடது காது வெளியே வந்தது. நேராக, அழகாக, கறுப்புத் தையல் நூல் ஓர் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. அசீசுன்னிசா மூக்கில் விரல் வைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் கட்டு மறுபடி ஏறவில்லை. சுந்தராம்பாள் வந்தாள், பார்த்தாள். அரிசி மண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள், பார்த்தார்கள். தபால்காரர் வந்தார். அவரையும் அக்கா விடவில்லை. யார் வந்தாலும் முக்காட்டை இடது பக்கம் மட்டும் விலக்கி, தலையைச் சாய்த்து, "மெதுவா பாருங்க, காத்து படக் கூடாது" என்பாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

சாயங்காலம் நான் கட்டைக் கட்டிவிடப் போனேன். எனக்கு நர்ஸ் மாதிரிக் கட்ட வரவில்லை. ரொட்டியைப் பொட்டலம் கட்டுகிற மாதிரி ஏதோ கட்டினேன். அது இரவுக்குள் கழன்று தலையணையில் கிடந்ததாம்.

புதன்கிழமை காலையில் வலது காதுதான் ஊரைக் கூட்டியது. கட்டுக்குக் கீழே தாடை ஓரமாக ஊதா நிறம் இறங்கியிருந்தது. கழுத்துச் சரிவில் கருநீலம். கத்திரிக்காயைப் பாதியாக நறுக்கி ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. அக்கா கண்ணாடியில் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். நான் ஓடினேன். எனக்கு முன்னால் அசீசுன்னிசாவும் சுந்தராம்பாளும் வந்திருந்தார்கள்.

"விஷம் இறங்குது" என்றாள் சுந்தராம்பாள். "கழுத்துக்கு வந்துட்டது. நெஞ்சுக்கு இறங்குறதுக்குள்ள எதுனா பண்ணணும்."

"நான் அப்பவே சொன்னேன், ஆளு பட்டாளத்து டாக்டர்னு. குண்டு எடுக்கிற கையி" என்றாள் அசீசுன்னிசா.

"ஆனா இடது பக்கம் பாரேன்!" என்றாள் சுந்தராம்பாள். "எவ்ளோ லட்சணமா இருக்குது! கொழுகொழுன்னு! பச்சைப் புள்ளை காது கணக்கா."

எல்லோரும் இடது பக்கம் வந்து பார்த்தார்கள். உண்மைதான். நேற்று சின்னதாக, மெலிசாக இருந்த சோணை இன்று உருண்டு திரண்டிருந்தது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. மேலே எண்ணெய் தடவிய மாதிரி ஒரு பளபளப்பு. அக்கா கண்ணாடியை இடது பக்கம் திருப்பிக்கொண்டு அழுகையை நிறுத்தினாள்.

எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் பேச்சு வராது. மெதுவாக, "கழுத்துல வர்றது சும்மா கன்னிப்போனது. அது தானா பச்சையாகி மஞ்சளாகி மறைஞ்சிடும்னு நர்ஸ் சொன்னாங்க" என்றேன்.

அதில் கடைசிச் சொல்லை மட்டும் அசீசுன்னிசா பிடித்துக்கொண்டாள்.

"கடைசியில மஞ்சளாகுமா?"

"ஆமா. பத்து நாள் ஆகும்."

"பத்து நாள் எதுக்கு? கடைசி நெறம் மஞ்சள்னா இப்பவே மஞ்சளைத் தடவிட்டா போச்சு. நேரா கடைசிக்குப் போயிடும்."

சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் தடுப்பதற்குள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தாடையிலிருந்து தோள் வரைக்கும் அப்பினாள். ஊதாவின் மேல் மஞ்சள் ஏறி ஒரு மாதிரிச் சாணிப் பச்சையாயிற்று. "பார்த்தியா, பச்சை வந்துடுச்சு!" என்றாள் சுந்தராம்பாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நர்ஸ் சொன்னது சரிதான் என்கிற மாதிரி.

அவர்கள் போனதும் அக்கா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வேலை செய்தாள். ஆடி மாசத்துக்கு என்று கிராமத்து அம்மன் சிலைகளுக்குப் போடும் குட்டி வளையல் கடையில் வரும். ஒரு விரல் நுழைகிற அளவுதான் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து இடது சோணைக்கு நேராக வைத்தாள்.

"இன்னாக்கா பண்றே?"

"ரெண்டு காதும் ஒரே சைஸா வரணும்டி. இல்லன்னா ஜிமிக்கி ஒண்ணு ஏறியும் ஒண்ணு எறங்கியும் தொங்கும். வளைகாப்புல எதிர்ல உக்கார்றவங்களுக்கு முதல்ல அதான் கண்ணுல படும்." ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி ஒரு கண்ணை மூடினாள். "பாரு, கரெக்டா வளையலுக்குள்ள அடங்குது. இந்த அளவுக்கு வலதும் வந்துட்டா போதும்."

அந்த வளையலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு, பன்னிரண்டு மணி வாக்கில் திரும்பி வந்தேன். அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் தலையை லேசாகச் சாய்த்து, கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லியே."

"தலையைத் தாங்கறியே."

"சும்மா. பாரமா இருக்குது. சதை ஏறுதில்ல."

"வலது?"

"வலது நேத்து வலிச்சிது. இப்ப ஒண்ணும் காணோம். அதான் பயமா இருக்குது, செத்துப்போச்சோன்னு."

நர்ஸ் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தட்டையாக இருப்பது வலது. வலி குறைந்தது வலது. உப்பியது இடது, மினுமினுப்பது இடது, இல்லை என்று சொல்லிக்கொண்டே அவள் கையால் தாங்குவதும் இடது. நாங்கள் அழுததெல்லாம் நல்ல காதுக்கு. கெட்ட காதைத்தான் தபால்காரர் வரைக்கும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அந்த வளையலை வச்சுப் பாரு."

"காலையிலதான் பார்த்தேனே."

"இன்னொரு தரம்."

எடுத்து வைத்தாள். சோணை வளையலுக்குள் அடங்கவில்லை. சுற்றிலும் ஒரு விளிம்பு வெளியே பிதுங்கி நின்றது. திருப்பி வைத்தாள். வளையலைத் துடைத்துவிட்டு வைத்தாள். தலையை நிமிர்த்தி வைத்தாள்.

"வேற வளையலை எடுத்துட்டேன்போல."

"அதேதான்க்கா. பச்சையில பொன் புள்ளி. ஒண்ணுதானே இங்க இருக்குது."

"அப்ப..." என்று இழுத்தாள். "வெயில்ல இருந்துச்சு. கொஞ்சம் சுருங்கி..."

அதோடு நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. அவளே முப்பது வருஷமாக யாரையும் சொல்ல விடாத சொல் அது. அந்தச் சொல் அவள் வாயிலிருந்தே பாதி வந்து நின்றது. அக்கா எதில் வேண்டுமானாலும் பொய் சொல்வாள். வயசில் பொய் சொல்வாள். சாயம் போகுமா என்று கேட்டால் அதில் பொய் சொல்வாள். அளவில் மட்டும் சொல்லமாட்டாள்.

"பெருத்துதான் போச்சு" என்றாள் மெதுவாக. அப்புறம், "மங்கை, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. விடியக்காலையில இருந்தே."

"காலையில ஏன்க்கா சொல்லல?"

"எல்லாரும் அழகா இருக்குதுன்னு சொன்னாங்க. அப்போ போய் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

நர்ஸ் சொன்ன முழுவதையும் சொன்னேன். அக்கா எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"போனா தையலைப் பிரிப்பாங்க. பிரிச்சா போச்சு. மறுபடி தைக்க சதை இல்லைன்னு அந்தாளு சொன்னாரே. அது மட்டும் நல்லா காதுல விழுந்துச்சு. நான் போகல. தானா வடிஞ்சிடும்."

"வடியலன்னா அழுகிடும்க்கா."

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

அந்த நேரத்தில் பீர் முகமது அண்ணன் சாப்பிட வந்தார். கை முழுக்கக் கறுப்பு கிரீஸ். வாசலிலேயே நின்று அக்காவின் வலது பக்கத்தைப் பார்த்தார். மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் இடது பக்கம் வந்து குனிந்தார். சைக்கிள் சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்பத்துலேந்து?"

"இன்னைக்கு விடியக்காலையிலேந்து" என்றேன்.

"டயர் எங்க விட்டிருக்குதோ அங்க டியூப் இப்படித்தான் முட்டை விடும். பளபளன்னு, பார்க்க அழகா. காத்தை இறக்கணும். அழகா இருக்குதுன்னு ஓட்டிக்கிட்டு போனா வெடிக்கும்."

"நான் இன்னா சைக்கிளா?" என்றாள் அக்கா.

"சைக்கிளா இருந்தா நானே பார்த்துக்குவேன். நீ கெளம்பு."

"தையலைப் பிரிச்சிடுவாங்களே."

"கட்டை எவன் அவுக்கச் சொன்னான்?"

அக்கா முக்காட்டைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு காதையும் மூடிக்கொண்டாள். அன்றுதான் முதல் தடவையாக இடது காதையும் யாருக்கும் காட்டாமல் மூடினாள்.

பஸ் ஸ்டாண்டில் சுந்தராம்பாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "வலது காதுக்குத்தானே போறீங்க? போங்க போங்க, நெஞ்சுல இறங்கறதுக்குள்ள" என்றாள். அக்காவுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. "ஆமா" என்று சொல்லி ஏறிவிட்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நெரித்தாள். வளையல் விற்கிற கை, பிடி நல்ல பிடி. திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் என் விரல்களில் ரத்தம் ஓடவில்லை. அக்கா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

விருத்தாம்பாள் நர்ஸ் முக்காட்டை விலக்கினாள். முதலில் கழுத்துதான் தெரிந்தது.

"மூணாம் நாளே மஞ்சளா வந்துடுச்சா?" என்று ஆச்சரியப்பட்டாள். ஈரப் பஞ்சால் ஓரத்தைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாயிற்று. கழுத்து நீலமாயிற்று. பஞ்சையும் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"கடைசி நெறத்தை முதல்லயே வச்சிட்டோம்" என்றாள் அக்கா சின்னக் குரலில்.

நர்ஸ் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்புறம் இடது காதைப் பார்த்ததும் குலுக்கம் நின்றுவிட்டது. "டாக்டர்!" என்று கூப்பிட்ட குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் அரிகிருஷ்ணன் வந்து விரல் நுனியால் சோணையைத் தொட்டார். அக்கா துள்ளினாள்.

"கட்டை எப்ப அவிழ்த்தீங்க?"

"நேத்து காலையில. ஒரு நிமிஷம்தான்."

"எத்தனை பேர் பார்த்தாங்க அந்த ஒரு நிமிஷத்துல?"

அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டாக்டர், தையலைப் பிரிச்சிட்டா காது போயிடுமா?" என்று கேட்டாள் அக்கா. "எனக்கு இது வேணும். இதுக்குத்தான் தச்சுக்கிட்டேன். வளைகாப்புக்கு யாரும் கூப்பிடமாட்டேங்கறாங்க."

டாக்டருக்கு வளைகாப்புக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று புரிந்திருக்காது. ஆனால் உட்கார்ந்து பேசினார்.

"ஒரே ஒரு தையலை மட்டும் கொஞ்சம் தளர்த்தப் போறேன். உள்ளே கட்டியிருக்கிற ரத்தத்தை வெளியே எடுத்துட்டா தோல் பிழைச்சுக்கும். இன்னும் சூடு இருக்கு, நிறம் செத்துப்போகல. நாளைக்கு வந்திருந்தா எனக்குத் தெரியாது. இன்னைக்கு வந்துட்டீங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. ஊசி போட்டு, ஒரு தையலை விலக்கி, இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். கறுப்புத் திராட்சை மாதிரி ஒரு கட்டி வழுக்கிக்கொண்டு வந்து பீங்கான் கிண்ணத்தில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது சின்னது. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பந்து மாதிரி நின்ற சோணை காற்று இறங்கிச் சுருங்கிச் சாதாரணக் காதாக ஆயிற்று. தளர்த்திய இடத்தில் மட்டும் ஒரு தையல் போட்டார்.

"வலி போச்சே!" என்றாள் அக்கா. கண்ணைத் திறந்து, கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "இதுவா? இத்தினியூண்டுதானா? நான் எவ்ளோ பெரிசா நெனச்சேன்!"

"பெரிசா வேணும்னா நாளைக்கு வந்திருக்கணும்" என்றாள் நர்ஸ்.

இந்தத் தடவை விருத்தாம்பாள் கட்டிய கட்டை நான் மறக்க முடியாது. தலையைச் சுற்றி, தாடைக்கடியில் போய், மறுபடி தலைக்கு மேல் வந்து, எத்தனை சுற்று என்று எண்ணமுடியவில்லை. முடிச்சை உச்சந்தலையில் போட்டு, அதன் மேல் நாலு பட்டை பிளாஸ்திரி ஒட்டினாள். கண், மூக்கு, வாய்க்கு மட்டும் வழி இருந்தது. வாய்க்கும் பாதி வழிதான். ஏழு நாளைக்கு யார் வந்து கேட்டாலும் காட்டக் கூடாது என்று அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அக்காவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குது, தேங்க்ஸ்!" என்று கத்தினாள். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து பின்னால் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கூட்டம் கூடியது. அசீசுன்னிசா கட்டை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, "வலது காதை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இடதுதான் கெட்டுப்போயிருந்தது என்று நான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அவ்ளோ அழகா இருந்துச்சே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வலது பக்கத்து நீலம் ஐந்தாம் நாள் ஓரத்தில் பச்சையாயிற்று, எட்டாம் நாள் மஞ்சளாயிற்று, இரண்டு வாரத்தில் இருந்த இடம் தெரியவில்லை. "என் மஞ்சள்தான்" என்றாள் அசீசுன்னிசா. யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த தடவை வேறு எதையாவது குழைத்துக்கொண்டு வருவாள்.

மூன்று மாசம் அக்கா காதைத் தொடவில்லை. நான்காம் மாசம் ஆசாரி புது இடத்தில் குத்தினார், பழைய தையல் கோட்டிலிருந்து விலகி. அதற்கடுத்த மாசம் வல்லத்திலிருந்து அம்மாக்கண்ணு என்று ஒருத்தி கடைக்கு வந்து, தன் மகளுக்கு ஏழாம் மாசம், வளையல் அடுக்க வரணும் என்று வெற்றிலை பாக்கு வைத்தாள். அக்கா உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். நான் கோத்துக்கொண்டிருந்த சரம் அறுந்து வளையல் உருண்டது. அவள் கவனிக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் மூன்று புடவை மாற்றினாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிச் செருகிக்கொண்டாள். நடு வீட்டில் பாயில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வளையல் ஏற்ற ஆரம்பித்தாள். பச்சை, சிவப்பு, பச்சை. சுற்றிலும் இருபது பெண்கள். ஒருத்தி பெண்ணின் வயிற்றைப் பார்த்து ஆண் குழந்தைதான் என்றாள். ஒருத்தி அடுப்படியில் புளியோதரை தீய்ந்துபோன வாசனையைப் பற்றிப் பேசினாள். அக்கா தலையை வலது பக்கம் திருப்பினாள். இடது பக்கம் திருப்பினாள். வேண்டுமென்றே இருமினாள். ஜிமிக்கி ஆடியது. யாரும் பார்க்கவில்லை.

ஆறாவது வளையலில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. பெண்ணின் கையைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"ஏம்மா, எல்லாரும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. என் காதைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். அம்மாக்கண்ணு கிட்டே வந்து குனிந்து, முதலில் வலதைப் பார்த்தாள், அப்புறம் இடதைப் பார்த்தாள். பூச்சி ஏதாவது போயிருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளேகூடப் பார்த்தாள்.

"ஏன், காதுக்கு இன்னா? எல்லார் காதும் மாதிரிதானே இருக்குது?"

அக்கா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"அதான்!" என்றாள். "அதான் சொல்றேன்!"

சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஏழாவது வளையலை ஏற்றினாள்.